நள்ளிரவு இருமலும் ஒரு துணுக்குச் சதையும்

நோட்டன் பிரிட்ஜில் இருமலுக்குப் பஞ்சமில்லை. மாலை வந்ததும் அணைக்கட்டின் மேலாக எழும் மூடுபனி மலைச்சரிவுகளை மறைத்துவிடும். மழையோ, வந்தால் திரும்பிச் செல்ல மனமில்லாத விருந்தாளி போன்றது. ஆகவே, லயத்தில் ஒருவர் இருமினால் கொத்தமல்லிக் கஷாயம் வைத்துக் கொடுப்பதோடு விஷயம் முடிந்துவிடும். இருமல் மாதக்கணக்கில் நீடிக்கும்போதுதான் அச்சம் தலைகாட்டும்.

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, என்னிடம் கல்வி கற்ற இளைஞர் ஒருவர் அவ்வாறு இருமிக்கொண்டு ஊர் திரும்பினார். கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு கடையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். பகலில் ஓரளவு நன்றாக இருப்பார். நள்ளிரவு கடந்ததும் இருமல் தொடங்கி, மூச்சு இழுத்து, விடியும்வரை உட்கார்ந்தே இருப்பார். உடல் மெலிந்தது. சயரோகம் என்று அயலவர் முடிவு கட்டிவிட்டனர். அவருக்கென்று ஒரு குவளையும் கோப்பையும் தனியாக ஒதுக்கப்பட்டன. எக்ஸ்றே படத்திலும் சுவாசப்பை முழுவதும் தினை தூவியது போன்ற புள்ளிகள் தெரிந்தன. ஆனால் சளியைப் பலமுறை சோதித்தும் சயரோகக் கிருமி அகப்படவில்லை. இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்போம், அதிலும் விடை கிடைக்காவிட்டால் பயொப்சி செய்ய நேரலாம் என்று வைத்தியர் கூறியிருந்தார்.

அவருடைய தாயார் அன்று மாலையே என் வீட்டுக்கு வந்தார். "சேர், புள்ள நெஞ்சுல ஓட்டை போட்டுச் சதை எடுத்துப் பார்க்கணுமாம். அப்படின்னா அது புற்றுநோய்தானே? மறைக்காம சொல்லுங்க" என்றார்.

நான் விலங்கியல் கற்பிப்பவன், வைத்தியனல்லன். எனினும், அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டிய பதில் என் பாடத்தோடு தொடர்புடையதாயிருந்தது. பயொப்சி என்ற சொல்லைக் கேட்டதும் புற்றுநோயை நினைப்பது நம்மவர் வழக்கம். உண்மையில் அது உடலின் ஒரு சிறு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பதையே குறிக்கும். அச்சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தவர் பிரான்சிய தோல்நோய் வைத்தியர் பெஸ்னியே; ஆண்டு 1879. அதே ஆண்டில், ஜெர்மனியில் இளம் விஞ்ஞானி போல் ஏர்லிக், இரத்தத்தில் ஒருவகை வெண்கலங்கள் இயோசின் என்னும் சாயத்தை ஆவலோடு பற்றிக்கொண்டு செம்மையாக ஒளிர்வதைக் கண்டார். கிரேக்கரின் வைகறைத் தேவதை இயோஸ். நம் வேதங்கள் உஷை என்பவள். அவள் பெயர் தாங்கிய சாயத்தால் அக்கலங்களும் இயோசினோபில் எனப்பட்டன. ஒவ்வாமையும் குடற்புழுவும் உள்ளவர்களின் இரத்தத்தில் இவை பெருகும் என்பது பின்னர் தெரிந்தது.

மகன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவராயிருந்தால் வேறொரு சந்தேகம் எழுந்திருக்கும். சலிக்கும் அறையில் பறக்கும் மென்தூசு சிலருக்கு ஆஸ்துமாவை உண்டாக்கும். கொழும்பு நெஞ்சுநோய் வைத்தியர் சி. ஜி. ஊரகொட 1970ஆம் ஆண்டிலேயே இதற்கு 'டீ மேக்கர் ஆஸ்துமா' என்று பெயரிட்டுப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையொன்றில் எழுதியிருக்கிறார். ஆனால் இவர் தொழிற்சாலைப் பக்கமே போனதில்லை. இவருடைய நோயின் கதை வேறு. அதில் தமிழ் வைத்தியர்கள் பலருக்கும் பங்குண்டு.

1940ஆம் ஆண்டு, ஆந்திரத்து மதனப்பள்ளி சயரோக மருத்துவமனையில் பிரிமொட் மொல்லரும் பார்ட்டனும் ஒரு புதிரை வெளியிட்டனர். எக்ஸ்றேயில் சயரோகம் போலவே தோன்றியும் சயரோகம் இல்லாத நோயாளிகள். அவர்களுடைய இரத்தத்தில் இயோசினோபில்கள் மிதமிஞ்சியிருந்தன. சாதாரண மனிதரில் ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் ஐந்நூறுக்கு மேற்படாத இக்கலங்கள், இந்நோயில் மூவாயிரத்தையும் தாண்டிவிடும். 1943இல் வைங்கார்ட்டன் என்பவர் இதற்கு 'வெப்பவலய இயோசினோபீலியா' என்று பெயரிட்டு, பாஷாணம் கலந்த ஊசிமருந்தால் குணமாவதாகவும் எழுதினார். பெயரும் கிடைத்தது, மருந்தும் கிடைத்தது. காரணம் மட்டும் கிடைக்கவில்லை. தூசா, உணவா, பூச்சியா என்று வாதம் நீண்டது.

யானைக்கால் நோயின் புழுவாக இருக்கலாம் என்று சிலர் ஐயுற்றனர். ஆனால் அதன் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் உலவும். அதனாலேயே யானைக்கால் ஒழிப்புப் பிரிவினர் இரவில் வந்து விரல் குத்தி இரத்தம் எடுப்பார்கள். இந்நோயாளிகளிடம் இரவில் எடுத்த இரத்தத்திலும் ஒரு புழுக்கூட இல்லை. இல்லாத புழு எப்படி நோய் செய்யும்?

அங்கேதான் பயொப்சி துணைக்கு வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வெப், ஜோப், கோல்ட் ஆகிய மூவரும், நோயாளிகளின் சுவாசப்பை, ஈரல், நிணநீர்க் கணு ஆகிய இடங்களில் இழையத்தை ஆராய்ந்தனர். இவர்களுள் ஜோப் பிற்காலத்தில் தொழுநோய் ஆராய்ச்சியில் பெரும்பெயர் பெற்றவர். இவ்வேலைக்கு அசாத்தியப் பொறுமை வேண்டும். துணுக்கை மெழுகில் பதித்து, மில்லிமீற்றரில் இருநூறில் ஒரு பங்கு கனமுள்ள சீவல்களாக அறுத்து, முன் சொன்ன இயோசினையும் மற்றொரு நீலச் சாயத்தையும் ஏற்றி, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க வேண்டும். புழு ஒரு சீவலில் தவறி அடுத்ததில் இருக்கலாம். பார்த்தார்கள், கண்டார்கள். இழையத்துள் சிவந்த கலங்கள் சூழ்ந்துகொள்ள, யானைக்கால் வகைப் புழுவின் குஞ்சுகள் கிடந்தன. 1960இல் 'லான்செற்' சஞ்சிகை அக்கட்டுரையை வெளியிட்டது.

சிங்கப்பூரில் இதே நோயை ஆராய்ந்துவந்தவர் வைத்தியர் தனராஜ். பின்னர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதியானார். அவரும் நோயியல் நிபுணர் சண்முகரத்தினமும் அமெரிக்கர் பீவர் முதலானோரும் சேர்ந்து, சுவாசப்பைத் துணுக்குகளில் கண்டவற்றை 1966இல் வெளியிட்டு அம்முடிவை வலுப்படுத்தினர். சண்முகரத்தினம் யாரென்று வாசகர் வினவலாம். 2023இல் சிங்கப்பூர் ஜனாதிபதியான தர்மனின் தந்தையார் இவரே. மூதாதையர் இலங்கைத் தமிழர்.

இனி, புழு ஏன் இரத்தத்தில் தென்படவில்லை? காரணம் உடலின் அளவுகடந்த உக்கிரம். யானைக்கால் புழு தொற்றியோரில் பெரும்பாலாரின் உடல் அதனோடு ஏதோ சமாதானம் செய்துகொள்கிறது. நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களின் உடலோ பிறபொருளெதிரிகளை வெள்ளமாகச் சுரந்து, சுவாசப்பைக்கு வரும் ஒவ்வொரு குஞ்சையும் அங்கேயே கொன்றுவிடுகிறது. போரில் வெற்றி உடலுக்கே. ஆனால் போர்க்களமான சுவாசப்பை பாழாகிறது. 1906இல் வியன்னாவின் பிர்க்கே 'அலர்ஜி' என்ற சொல்லை ஆக்கியபோது, காக்கும் சக்தியே கேடு செய்வதும் உண்டு என்ற இக்கருத்தைத்தான் மனத்திற் கொண்டிருந்தார்.

காரணம் தெரிந்தபின் சிகிச்சையும் தெளிவாயிற்று. பாஷாண ஊசி போயிற்று. யானைக்கால் நோய்க்கான டையீதைல்கார்பமசின் மாத்திரையை மூன்று வாரம் கொடுப்பது வழக்கமாயிற்று. நோயைக் கண்டறியச் சுவாசப்பையில் கத்தி வைக்கும் தேவையும் அற்றுப்போயிற்று. இரவு இருமல், கரையோர வாசம், இயோசினோபில் எண்ணிக்கை, பிறபொருளெதிரிச் சோதனை, மாத்திரைக்கு உடல் இணங்கும் வேகம் ஆகியவை போதும். வேலூரிலும் சிங்கப்பூரிலும் படுத்திருந்த சிலரின் உடலிலிருந்து எடுத்த துணுக்குகள், பின்வந்த எத்தனையோ பேரைக் கத்தியிலிருந்து காத்தன. அவர்களுடைய பெயர்கள் எந்தக் கட்டுரையிலும் இல்லை.

நம் மாணவர் விஷயத்திலும் அதுவே நடந்தது. இரத்தச் சோதனையில் எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டி நின்றது. மேல், தென், வடமேல் மாகாணக் கரையோரங்களே நம் நாட்டில் யானைக்கால் நோயின் இருப்பிடம். மலையில் அது வேரூன்றியதில்லை. வெள்ளவத்தை நுளம்புகள் கொடுத்தனுப்பிய சீதனம் அது என்று வைத்தியர் ஊகித்து மாத்திரையைத் தொடங்கினார். முதல் வாரத்திலேயே அவர் இரவில் படுத்துறங்கினார். பயொப்சி நடக்கவேயில்லை. அந்தக் குவளையை அவருடைய தாயார் அடுப்பங்கரையில் மற்றவற்றோடு சேர்த்துவிட்டார் என்று அறிந்தேன்.

2016இல் உலக சுகாதார நிறுவனம், யானைக்கால் நோய் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என்று சான்றளித்தது. ஆகவே இத்தகைய இருமல் இனி அரிது. அரிதான நோயை வைத்தியர் மறப்பதும் எளிது. கரையோரத்தில் வாழ்ந்தவராயின் அதை நோயாளியே சொல்லிவிடுவது நல்லது. இருமல் நின்றதும் நோய் தீர்ந்ததென்று எண்ணிவிடவும் கூடாது. சென்னைச் சயரோக ஆராய்ச்சி நிலையத்தார் அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து சுவாசப்பையை நீரால் கழுவி ஆராய்ந்தபோது, மாத்திரை முடிந்தபின்னும் சிலருக்கு உள்ளே அழற்சி கனன்றுகொண்டிருப்பதைக் கண்டனர். அத்தகையோருக்கு மீண்டும் ஒரு முறை மாத்திரை தேவைப்படும்.

பயொப்சி தவிர்க்கவியலாத நோய்களும் உண்டு. உடல் தன் சிறுநீரகத்தையே தாக்கும் லூப்பஸில், எவ்வளவு கேடு நேர்ந்தது, எந்த மருந்து ஏற்றது என்பதைச் சிறுநீரகத் துணுக்கே பெரும்பாலும் கூறும். தோல் கொப்புளிக்கும் பெம்பிகஸிலும் அப்படியே. அங்கே மரத்துப்போகும் ஊசி போட்டு, பயறளவு தோலை எடுத்து, ஓரிரு தையலிடுவார்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவர்கள் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் கூறிவிட வேண்டும். முடிவு தாமதமானால் மனம் கலங்க வேண்டியதில்லை. மெழுகில் பதிக்கவும் சீவவும் சாயமேற்றவும் நாட்கள் பிடிக்கும். சிலவேளை இரண்டாவது சாயமும் ஏற்றிப் பார்ப்பார்கள்.