மானாவாரி மின்சாரமும் குளத்து மின்சாரமும்

மழை பெய்யும் நாட்டிலே குளம் எதற்கு என்று நம் முன்னோர் எவரும் கேட்டதில்லை. ஐப்பசியிற் பிடிக்கும் மழை மார்கழி வரை வயலையும் தெருவையும் ஒன்றாக்கிவிடும். அதே வயல் பங்குனியில் வாய் பிளந்து கிடக்கும். மழை என்பது வேறு, நீர் வழங்கல் என்பது வேறு என்னும் உண்மையை இக்கரையோரத்து வேளாளன் பள்ளிக்கூடம் போகாமலே கற்றான். ஆதலின் வானத்தை மட்டும் நம்பிய நிலத்தை மானாவாரி என்றும், குளத்து நீர் பாயும் நிலத்தை நீர்ப்பாய்ச்சல் நிலம் என்றும் பிரித்துச் சொன்னான். மின்சாரத்தைப் பற்றி இன்று நம் நாட்டில் நிகழும் பெருவாதத்தை விளங்கிக்கொள்வதற்கு இந்த ஒரு வேறுபாடே போதுமானது என்பது எனது துணிபு.

அவ்வாதத்தில் இரு கட்சிகள் உண்டு. ஒரு சாரார், சூரியனும் காற்றும் இலவசமாய்க் கிடைக்க, அந்நியச் செலாவணியைக் கொட்டி நிலக்கரியும் எண்ணெயும் வாங்குதல் மதியீனம் என்பர். 2030ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்கு 70 பங்கு புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வரவேண்டும் என்னும் அரசாங்க இலக்கு இவர்களுடைய பக்கத்தைச் சார்ந்தது. மற்றொரு சாரார், வெயிலையும் காற்றையும் நம்பி நாடு விளக்கேற்ற இயலாது, தொழிற்சாலைக்கும் வைத்தியசாலைக்கும் வேண்டியது உறுதியான மின்சாரமே என்பர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. பிழை, இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று பகையாக்கியதிலேயே உள்ளது.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இலங்கையின் அருவிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திரா என்னும் பொறியியலாளர் 1918ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை படித்தார். 1924இல் தொடங்கிய லக்சபான வேலை இடையிலே கைவிடப்பட்டது. அப்பொறியியலாளர் 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் அதற்காகவே வாதாடினார். 1950ஆம் ஆண்டிலேதான் லக்சபானவின் முதற் கட்டம் ஒளி தந்தது. நீர்மின்சாரமும் ஒரு காலத்தில் அரசியல் வாதத்துக்குரிய புதுமையாகவே இருந்தது என்பதை இக்கால வாதிகள் நினைவிற் கொள்வது நலம்.

அதே காலத்தில் நம் மாவட்டத்திலும் ஒரு மின்நிலையம் எழுந்தது. பட்டிப்பளை ஆறு என நாம் வழங்கும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தை அமைத்தபோது, அணையின் அடியில் ஏறத்தாழ 11 மெகாவாற்று ஆற்றலுள்ள சுழலிகளும் வைக்கப்பட்டன. இந்நிலையத்தின் இயல்பு கவனிக்கத் தக்கது. வயலுக்கு நீர் திறக்கும்போதே அங்கு மின்சாரம் பிறக்கும். மின்சாரத்துக்காக மட்டும் நீர் திறப்பதில்லை. சம்மாந்துறை, நிந்தவூர் வேளாண்மைக்குரிய நீரை ஒரு மாலை விளக்குக்காகச் செலவிட எவர் உடன்படுவர்? சேமித்த நீரே உறுதியான மின்சாரம். ஆனால் அந்த நீருக்கு உரிமையாளர் பலர். இதனையும் மனத்தில் இருத்திக்கொள்வோம்.

லக்சபானவையும் பின்னர் மகாவலியையும் நம்பி வாழ்ந்த நாட்டுக்கு 1996ஆம் ஆண்டின் வரட்சி பாடம் புகட்டியது. நீர்த்தேக்கங்கள் வற்ற, நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்தது. மாற்றாக எண்ணெய் நிலையங்கள் பெருகின. நுரைச்சோலையில் 300 மெகாவாற்று வீதம் மூன்று நிலக்கரிப் பிறப்பாக்கிகள் 2011 முதல் 2014 வரை எழுந்தன. இனிக் கவலையில்லை என்றிருந்தோம். 2022ஆம் ஆண்டில் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமற் போயிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. கல்முனைக் கடற்கரையில் மீனுக்கு ஐஸ் இல்லை, மருதமுனை நெசவாளரின் தறி விளக்கின்றி நின்றது, பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கைத் தேடினர், மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. எண்ணெய் மின்சாரம் உறுதியானது என்பதும், கப்பல் துறைமுகத்துக்கு வரும் வரையிலேதான் என்பது அன்று வெளிப்பட்டது.

எனவே வசதியுள்ளோர் கூரைகளிற் சூரியத் தகடுகள் பெருகின. எமது கூரையிலும் உண்டு. நாட்டிற் கூரைத் தகடுகளின் மொத்த ஆற்றல் ஆயிரம் மெகாவாற்றைத் தாண்டியது. அதன் பின்னரே 2025ஆம் ஆண்டு பெப்ருவரி 9ஆம் நாள் வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அலுவலகங்களும் ஆலைகளும் ஓய்ந்திருந்தமையால் மின்தேவை குறைவு. வானம் தெளிவாயிருந்தமையாற் சூரிய மின்சாரம் மிகுதி. முற்பகல் பதினொரு மணிக்குப் பின் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு பழுது நேர்ந்தது. குரங்கொன்று கருவியைத் தொட்டதே காரணம் என்று அமைச்சர் கூறினார், நாடு சிரித்தது. ஆனால் குரங்கு ஓர் உபநிலையத்தைத் தாக்கலாம். முழு இலங்கையும் இருளுவது எங்ஙனம்? அவ்வினாவுக்கு விடை சடத்துவம் என்னும் பௌதிகத் தத்துவத்தில் உள்ளது.

குயவனின் சக்கரத்தைக் கவனியுங்கள். கனத்த சக்கரமாயின், கையை எடுத்த பின்னரும் அது சுழன்றுகொண்டேயிருக்கும். மண் சற்றே முரண்டினாலும் வேகம் உடனே குறையாது. இலேசான சக்கரமோ தொட்டவுடன் தடுமாறும். நிலக்கரி, நீர், எண்ணெய் நிலையங்களில் இரும்புச் சுழலிகள் பெரும் வேகத்துடன் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. நுரைச்சோலைச் சுழலிகள் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுழல்பவை. அத்தாளமே செக்கனுக்கு 50 என்னும் மீடிறனாக நம் வீட்டுக்கு வருகிறது. எங்கேனும் பழுது நேர்ந்தால் அச்சுழலிகளின் சடத்துவம் சில செக்கன்களுக்குச் சுமையைத் தாங்கும். அதற்குள் ஏனைய நிலையங்கள் விழித்துக்கொள்ளும். சூரியத் தகட்டிலே சுழலும் உறுப்பு யாதொன்றும் இல்லை. அது தரும் நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும் இன்வேட்டர், வலையமைப்பின் தாளத்தைப் பின்பற்றுமேயன்றித் தானாகத் தாளம் போடுவதில்லை. அன்று நண்பகலிற் சூரியன் பெரும்பங்கை வழங்கியமையாற் சுழலிகள் பல நிறுத்தப்பட்டிருந்தன. சக்கரம் இலேசாயிருந்தது; ஒரு தட்டில் நின்றுவிட்டது. சடத்துவம் குறைந்திருந்ததே காரணமென மின்சார சபையும் பின்னர் விளக்கியது. நுரைச்சோலைப் பிறப்பாக்கிகளை மீளத் தொடக்க நாட்கள் சென்றமையால் அடுத்து வந்த நாட்களிலும் மின்வெட்டு நீடித்தது.

அந்த நண்பகலில் என்னிடம் பலர் கேட்ட வினா ஒன்று: "வெயில் இப்படி எரிக்கிறதே, உங்கள் வீட்டிலும் ஏன் மின்சாரம் இல்லை?" கூரைத் தகட்டின் இன்வேட்டர், தெருக் கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும்படி அமைக்கப்பட்டது. இல்லையேற் கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிருக்கு ஆபத்து நேரும். தனியே மின்கலம் வைத்திருந்தாலன்றி, சூரியன் தலைக்கு மேல் நிற்க நம் வீடு இருண்டே கிடக்கும். சூரியத் தகடு பொருத்தியோர் வலையமைப்பினின்று விடுதலை பெற்றதாக எண்ணினோம். உண்மையில் அதற்கு முன்னிலும் கூடிய கடனாளிகளானோம்.

அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை மிகக் குறையும் என்று அஞ்சி, கூரைத் தகடுகளைப் பிற்பகல் மூன்று மணி வரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. சூரியன் உச்சத்தில் நிற்கும் வேளையில் அவன் தருவதை வேண்டாம் என்று கூறும் நிலை! மாலை ஆறரை மணிக்கோ நிலை தலைகீழாகும். நம் பகுதியிலே நோன்பு காலத்தை நினையுங்கள். நோன்பு துறக்கும் வேளை எதுவோ அதுவே சூரியன் மறையும் வேளை. அடுப்படியிலும் பள்ளிவாசலிலும் கடைத்தெருவிலும் விளக்கெரியும் அந்நேரத்திற் கூரைத் தகடு ஒரு துளியும் தராது. நண்பகலில் வெள்ளம், மாலையில் வரட்சி. மானாவாரி வேளாண்மையின் இலக்கணம் இதுவேயன்றோ?

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் நாள் தென் அவுஸ்திரேலிய மாநிலம் முழுவதும் இருண்டது. புயலிலே மின்கோபுரங்கள் வீழ்ந்தன. தொடர்ந்து காற்றாலைகள் பல தாமே உற்பத்தியைக் குறைத்தன. காற்றாலையே குற்றவாளி என்று ஒரு கட்சியும், புயலே குற்றவாளி என்று மறு கட்சியும் முழங்கின. ஆராய்ந்தோர் கண்டது வேறு. அடுத்தடுத்துச் சில தடவை மின்னழுத்தம் தாழ்ந்தால் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும்படி அக்காற்றாலைகளின் காப்பமைப்புகள் முன்பே ஒழுங்கு செய்யப்பட்டிருந்தன. வலையமைப்பை இயக்குவோர் அதனை அறியாதிருந்தனர். ஒழுங்கு திருத்தப்பட்டது, மறு ஆண்டிலே 100 மெகாவாற்று மின்கல நிலையமொன்றும் அங்கு நிறுவப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் 28ஆம் நாள் ஸ்பெயினும் போர்த்துக்கலும் இருண்டபோதும் அதே வாதம் மூண்டது. அங்கு மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் உயர்ந்ததே காரணமென ஆய்வாளர் கண்டனர். இவற்றால் நாம் அறிவது யாது? உறுதி என்பது நிலக்கரிக்கோ சூரியனுக்கோ தனியே உரிய குணமன்று. அது முழு அமைப்புக்கும் உரிய குணம். அதனைத் தனியே திட்டமிட்டு, தனியே விலைகொடுத்து வாங்கவேண்டும்.

நம் வயல்களில் இதற்கு உவமை உண்டு. குளம் நிறைந்திருந்தால் மட்டும் போதாது. எந்த வாய்க்காலுக்கு எப்போது எவ்வளவு நீர் என்று முறைவைத்துப் பகிரும் வட்டைவிதானையார் வேண்டும். கட்டு உடையாமற் காக்க வேண்டும். அதற்குரிய பங்கை எல்லாரும் கொடுக்க வேண்டும். மின்வலைக்கும் இவையே வேண்டும். பகலிற் சூரியன் உழைக்கும்போது மலைநாட்டு நீர்த்தேக்கங்களை மூடிவைத்து, மாலையில் திறக்கலாம். மாசி முதல் சித்திரை வரை மலைநாட்டில் நீர் குறைந்து வெயில் மிகும் காலமாதலின், அக்காலத்திற் சூரியன் நீருக்குக் கைகொடுப்பான். மேலும், பகல் மின்சாரத்தாற் கீழ்த்தேக்கத்து நீரை மேல்தேக்கத்துக்கு ஏற்றி இரவில் இறக்கும் நிலையமொன்று அரநாயக்கப் பகுதியில் 600 மெகாவாற்று அளவில் திட்டமிடப்பட்டுள்ளது. மின்கலங்களும் அவ்வாறே சிறு குளங்களாகும். அன்றியும் நம் மின்வலை ஒரு தீவின் தனிவலை. இந்தியாவுடன் கம்பியால் இணைப்பதற்கு 2025 ஏப்பிரலில் இரு நாடுகளும் ஓர் உடன்பாட்டிற் கைச்சாத்திட்டன. அண்டைக் குளத்துடன் வாய்க்கால் வெட்டுவதைப் போன்றது அது; நன்மையும் உண்டு, பிறர் மதகை நம்பியிருக்கும் அச்சமும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் பணம் கொடுப்பவர் யார்? இவ்வினாவே அரசியல்வாதிகள் வாய்திறக்க அஞ்சுவது. புதிய நிலையத்தைத் திறந்துவைத்தால் நாடா வெட்டலாம், படம் பிடிக்கலாம். மின்கலத்துக்கும் கம்பிக்கும் காத்திருப்பு இயந்திரத்துக்கும் அத்தகைய விழா எடுப்பாரில்லை. கூரையுடையோர் நண்பகலில் விற்ற மின்சாரத்துக்குப் பணம் பெறுகின்றோம். மாலையில் நமக்கு மின்சாரம் தர விழித்திருக்கும் நிலையங்களின் செலவு, தகரக் கூரையின் கீழ் ஒற்றை விளக்கெரிக்கும் தறிகாரரின் கட்டணச் சீட்டிலும் ஏறுகிறது. இது நீதியன்று. எனக்கு வருமானம் குறையுமென்று தெரிந்தும் இதனை எழுதுகின்றேன். மாலை உச்சவேளையில் மின்கலத்திலிருந்து தருவோருக்குக் கூடிய விலை கொடுப்பதென்று 2025இல் எடுக்கப்பட்ட முடிவு நல்வழிப்பட்டது. மழைக்கு அல்ல, குளத்துக்கே விலை கொடுக்கவேண்டும்.

இன்னுமொன்று சொல்லவேண்டும். நிலக்கரியாயினும் காற்றாயினும் நிலையம் எழுவது எவருடைய மண்ணிலோ ஓரிடத்தில்தான். திருகோணமலை சம்பூரில் இந்தியாவின் துணையோடு நிலக்கரி நிலையம் அமைக்க 2006இல் உடன்பாடு ஏற்பட்டது. மக்களின் எதிர்ப்பும் வழக்கும் தொடர்ந்தன. 2016இல் அது கைவிடப்பட்டது. 2025இல் அதே சம்பூரிற் சூரிய மின்நிலையத் திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. மன்னாரிலோ 103.5 மெகாவாற்றுக் காற்றாலைகள் ஏற்கெனவே சுழல, மேலும் கோபுரங்கள் வேண்டாம் என்று 2025இல் மக்கள் வீதிக்கு வந்தனர். அவர்களைத் தூய மின்சாரத்தின் பகைவர் என்பது தவறு. தம் கடலையும் நிலத்தையும் வலசைப் பறவைகளையும் பற்றி முன்கூட்டியே கேட்கப்படவில்லை என்பதே அவர்களின் குறை. நாளை அக்கரைப்பற்றுக்கோ ஒலுவிலுக்கோ ஒரு திட்டம் வருமாயின், நாமும் அவ்வாறே கேட்போம், கேட்கவும் வேண்டும்.

ஆகவே, கல்லூரியில் இன்று பயிலும் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். வாக்குக் கேட்டு வருவோர், "இத்தனை மெகாவாற்று அமைப்போம்" என்று கூறும்போது கைதட்டுமுன் மூன்று வினா கேளுங்கள். மாலை ஏழு மணிக்கு அதனில் எவ்வளவு கிடைக்கும்? நாட்டின் மிகப் பெரிய பிறப்பாக்கி ஒரு நொடியில் நின்றால் அச்சுமையை யார் தாங்குவார்? அதற்குரிய செலவை யார் தலையிற் கட்டுவீர்? இவற்றுக்கு விடை கூறுபவர், சூரியனைப் போற்றினும் நிலக்கரியைப் போற்றினும், செவிசாய்க்கத் தக்கவர். விடை கூறாதவர் மழையைக் காட்டி வேளாண்மைக்கு உறுதி கூறுபவரே ஆவர். குளம் கட்டி வாழ்ந்த மக்களாகிய நாம் அதனை நம்பி விதைத்தல் தகாது.