பிறந்த மாவட்டமும் பெறும் வாய்ப்பும்

ஒருவரது முன்னேற்றத்தை அவரது திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. அவர் கற்கும் பாடசாலை எங்கே அமைந்திருக்கின்றது என்பதும் தீர்மானிக்கின்றது. வட்டுக்கோட்டையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1816இல் இலங்கை வந்த அமெரிக்க மிஷனரிமார் பிரித்தானிய ஆட்சியின் அனுமதியுடன் யாழ்ப்பாணத்தில் நிலைகொண்டனர். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தோன்றியது. அங்கு கற்ற சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். வற்றாத ஆறுகளற்ற, கிணற்று நீரை நம்பிய குடாநாட்டில் எல்லோருக்கும் போதிய நிலமில்லை. எனவே ஆங்கிலக் கல்வி பெற்றோர் கொழும்புக்கும் மலாயாவுக்கும் உத்தியோகம் தேடிச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணம் ஊரில் வீடுகளாகவும் அடுத்த தலைமுறையின் கல்வியாகவும் மாறியது. ஆயின், சாதியால் ஒதுக்கப்பட்டோருக்கு அந்த வாசல் நெடுங்காலம் எளிதில் திறக்கவில்லை.

1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் வந்தபோது இந்த வாய்ப்பு சுருங்கியது. யாழ்ப்பாண மாணவரின் மனக்குமுறல் நியாயமானதே. 1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்தில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியதன் பின்னணியில் அக்குமுறலும் இருந்தது. அதேவேளை, வசதி குறைந்த மன்னார், மட்டக்களப்பு போன்ற மாவட்டங்களின் தமிழ் மாணவருக்கு மாவட்ட ஒதுக்கீடு புதிய வழியைத் திறந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

இன்று கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. மாவட்டம் என்பது இங்கு சராசரிக் கணக்கேயாகும். யாழ் நகரின் புகழ்பெற்ற கல்லூரி மாணவனும், விஞ்ஞான ஆசிரியர் இல்லாத தீவுப்பகுதிப் பாடசாலை மாணவியும் ஒரே மாவட்டத்தினராகவே எண்ணப்படுகின்றனர். 1995இன் பெரும் இடப்பெயர்வில் பாடசாலையை இழந்த பிள்ளைகளின் இழப்பையும் இக்கணக்கு காட்டாது.

வசதியுள்ள பெற்றோர் பிள்ளையை நல்ல பாடசாலை உள்ள ஊருக்கு அனுப்புகின்றனர். வசதியற்றோருக்கு அந்தத் தெரிவு இல்லை. வட்டுக்கோட்டையை உயர்த்தியது மண்ணின் மகிமையன்று. அங்கு எழுந்த ஒரு கல்விக்கூடமே. எனவே மாவட்டத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாது, பாடசாலையின் உண்மை நிலையையும் கணக்கிலெடுக்க வேண்டும். ஆசிரியரையும் ஆய்வுகூடத்தையும் பின்தங்கிய கிராமத்துக்குக் கொண்டுசெல்வதே நிலையான பரிகாரம். ஊரைவிட்டுப் போவது ஒருவரது விருப்பமாக இருக்கலாம். படிப்பதற்கான ஒரே வழியாக இருத்தலாகாது.