வெற்றிலைச் சிவப்பும் உயிரும்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வெற்றிலை போடாத பெரியவர்கள் சிலரே. வெற்றிலை பச்சை, பாக்கு பழுப்பு, சுண்ணாம்பு வெள்ளை. மூன்றிலும் இல்லாத சிவப்பு வாயில் எழுகின்றது. பழைய உலகாயதர் இந்தச் சிவப்பை வைத்தே ஒரு வாதம் கட்டினர். பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கும். கூட்டம் கலைந்தால் அதுவும் ஒழியும். உயிர் எனத் தனியே ஒன்றில்லை என்பது அவர் கட்சி. மணிமேகலையில் வரும் பூதவாதி கள்ளைக் காட்டுவான். பூவும் வெல்லமும் சேர்ந்த இடத்தில் வெறி பிறக்கவில்லையா என்பது அவன் கேள்வி.

எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று இது. மூளையை ஆராயும் இன்றைய அறிஞர் பலர் ஏறக்குறைய இந்தப் பக்கமே நிற்கின்றனர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் இதற்கு மறுமொழி தந்தார். 'எனது உடல்' என்கிறோம். ஆகவே உடையவன் வேறு, உடைமை வேறு என்பது அவர் காட்டும் நியாயங்களுள் ஒன்று. தமிழாசிரியனாகிய எனக்கு இங்கே ஒரு தயக்கம் உண்டு. ஆறாம் வேற்றுமை இருவகைக் கிழமையிலும் வருமென்று நன்னூல் சொல்லும். சாத்தனது வீடு பிறிதின்கிழமை. சாத்தனது கை தற்கிழமை. 'எனது உடல்' இவற்றுள் எது? வழக்கே அதுதானே! வேற்றுமை உருபு அதற்குத் தீர்ப்புச் சொல்லாது. போதாக்குறைக்கு 'என் உயிர் போகுது' என்றும் நாம் சொல்கிறோம்.

அதே சூத்திரத்திலுள்ள மற்றொரு நியாயம் இதிலும் வலியது. கண் ஓசையை அறியாது. செவி நிறத்தை அறியாது. ஆனால் றப்பர் மரத்தடியில் பால்வெட்டி நிற்பவர் வானம் கறுப்பதைக் கண்டு, இரைச்சலைக் கேட்டு, மழை வருகிறது என்று வாளியைத் தூக்குகிறார். கண்டதும் கேட்டதும் ஒருவரே. அந்த ஒருவர் யார்? மேலை நாட்டிலும் சர்ச்சை தீரவில்லை. மூளையின் வேலைகளையெல்லாம் விளக்கி முடித்தாலும், வலி ஏன் வலியாக உணரப்படுகிறது என்பது எஞ்சி நிற்குமென 1995இல் டேவிட் சால்மர்ஸ் எழுதினார்.

இதெல்லாம் ஏட்டுச் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். பாரிசவாதத்தால் நினைவிழந்து லயத்து அறையில் கிடப்பவரைப் பற்றி, "உசிர் இருக்கு, ஆள் இல்ல" என்பார்கள். அந்த வார்த்தை விழுந்தபின் அவரோடு பேசுவாரும் குறைந்துவிடுவர். 2006இல் ஏட்ரியன் ஓவன் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இங்கிலாந்தில் ஒரு பெண்ணைச் சோதித்தனர். வீதி விபத்தில் மூளை அடிபட்டு, மாதக்கணக்கில் எந்த அழைப்புக்கும் அசையாதிருந்தவர். மூளைப் படம் எடுக்கும் கருவிக்குள் அவரைக் கிடத்தி, டென்னிஸ் விளையாடுவதாக எண்ணிப் பாருங்கள் என்றனர். பின் உங்கள் வீட்டு அறைகளில் நடப்பதாக எண்ணுங்கள் என்றனர். நல்ல உடல்நலம் உள்ளவர்களின் மூளையில் எந்தெந்தப் பகுதிகள் தொழிற்படுமோ, அவையே அவருக்கும் தொழிற்பட்டன.

இத்தகைய நோயாளர் எல்லோரிடமும் இது காணப்படுவதில்லை. பூதவாதி, "வேலை செய்தது மூளைதானே" என்பான். சித்தாந்தியோ, "சொன்னதைக் கேட்டு விளையாட எண்ணியது யார்?" என்று திருப்பிக் கேட்பார். அந்தப் பெண்ணின் கட்டிலருகே நின்றவர்களுக்கோ, அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.