ஒரே துப்பாக்கி, பல தோட்டாக்கள்: புறாவுக்கு எது பொருந்தும்?

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் துப்பாக்கி என்பது புதிய பொருள் அல்ல. அவசரகாலம் நிலவிய 1948 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில் துரை பங்களாவுக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் ஆயுதத்தோடு காவல் நின்றதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு, இளங்கன்றுகளின் குருத்தைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிக்காகத் துப்பாக்கி உரிமம் பெற்றவர்கள் உண்டு. ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் வட்டாரங்களில் சிறுதோட்டம் வைத்திருப்போர் சிலரிடம் இன்றும் 12 போர் துப்பாக்கி ஒன்று பூட்டிய பெட்டியில் இருக்கும்.

சிக்கல் துப்பாக்கியில் இல்லை, தோட்டாவில்தான் இருக்கிறது. பன்றிக்காக வாங்கிய தோட்டா மிச்சம் இருக்கிறது. மாலையில் பச்சைப் புறாக் கூட்டம் தலைக்கு மேல் பறக்கிறது. 'இதையே போட்டால் என்ன? துப்பாக்கி ஒன்றுதானே!' என்ற எண்ணம் எழுகிறது. அந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதைத் துப்பாக்கி பிடிப்பவர் மட்டும் அல்ல, அந்தத் தோட்டத்தில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் சட்டம்

தோட்டாவைப் பற்றிப் பேசும் முன் உரிமத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். மலேசியாவில் துப்பாக்கியும் தோட்டாவும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டவை. உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்க முடியாது. 1971ஆம் ஆண்டின் கடுந்தண்டனைச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. சட்டவிரோதமாகச் சுடும் ஆயுதம் வைத்திருப்பவருக்கு 14 ஆண்டுகள் வரை சிறையும் 6 பிரம்படிகளுக்குக் குறையாத தண்டனையும் உண்டு. அண்ணன் பெயரில் உள்ள துப்பாக்கியைத் தம்பி 'சும்மா ஒரு நாள்' எடுத்துப் போவது குடும்ப விவகாரம் அல்ல, குற்றம்.

இரண்டாவது, பறவைக்கான உரிமம். பயிரைக் காக்கத் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதால் பறவையைச் சுடலாம் என்று பொருள் இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளைக் கூட்டியது. பாதுகாக்கப்பட்ட பறவையை வேட்டையாட பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் உரிமம் வேண்டும். எந்தப் பறவை, எந்தக் காலம், எத்தனை என்பதை அந்தத் துறையிடமே கேட்டு, எழுத்தில் பெற்ற பிறகுதான் மற்றப் பேச்சு. புனாய் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் பச்சைப் புறா வேறு, பெர்காம் எனப்படும் பெரிய காட்டுப்புறா வேறு. தூரத்தில் பார்த்து இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர் துப்பாக்கியைத் தூக்கவே கூடாது.

போர்ட்டிக்சன் பக்கம் உள்ள தஞ்சோங் துவான் காட்டையும் நினைவில் வைக்க வேண்டும். வடக்கிலிருந்து வலசை வரும் வல்லூறுகளும் கழுகுகளும் கடல் தாண்டும் இடம் அது. அத்தகைய காப்புப் பகுதிகள் வேட்டைக்கு உரியவை அல்ல.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

12 போர் என்றால் 12 மில்லிமீட்டர் அல்ல. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால், அந்த உருண்டை ஒன்று நுழையும் அளவுள்ள குழல் என்று பொருள். அதன் விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். அதனால்தான் 20 போர் என்பது 12 போரைவிடச் சிறியது.

தோட்டாவின் அடியில் பித்தளை மூடி. அதன் நடுவில் ஊசி அடித்தால் தீப்பற்றும் சிறு மூடி. அதற்கு மேல் வெடிமருந்து, அதற்கு மேல் அடைப்பான், உச்சியில் ஈயக் குண்டுகள். ஒரு தோட்டாவில் பொதுவாக 28 முதல் 36 கிராம் வரை குண்டுகள் இருக்கும். இங்கேதான் முக்கியமான கணக்கு வருகிறது. எடை ஒன்றாக இருந்தாலும் குண்டு பெரிதானால் எண்ணிக்கை குறையும்.

ஆங்கிலேய அளவில் 28 கிராம் தோட்டா ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண் 7 என்றால் 2.4 மில்லிமீட்டர் குண்டுகள் ஏறக்குறைய 335 இருக்கும். எண் 6 என்றால் 2.6 மில்லிமீட்டரில் சுமார் 265. எண் 4 என்றால் 3.1 மில்லிமீட்டரில் சுமார் 170. பன்றிக்குப் போடும் எஸ்.ஜி. என்றால் வெறும் 8 குண்டுகள்தான். ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டருக்கு மேல். எண் பெருகப் பெருகக் குண்டு சிறுக்கும் என்பதைப் புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

பெட்டியின் மீதுள்ள எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. அமெரிக்க எண் 6 என்பது ஆங்கிலேய எண் 5க்குச் சமம். அமெரிக்க ஏழரை என்பது ஆங்கிலேய எண் 7க்குச் சமம். ஆகவே பெட்டியில் மில்லிமீட்டர் அளவைத் தேடிப் படிப்பதே சரியான வழி.

புறாவுக்கு எந்த எண்?

பிரிட்டனில் புறா சுடுவோர் எண் 6ஐப் பெரிதும் விரும்புவார்கள். அதை அப்படியே இங்கே பின்பற்றலாமா? அங்குள்ள காட்டுப்புறா அரைக் கிலோ எடை உள்ளது. நம் நாட்டில் சதுப்பு நிலக் காடுகளில் கூட்டமாக அடையும் இளஞ்சிவப்புக் கழுத்துப் பச்சைப் புறாவின் எடையோ 100 முதல் 160 கிராம்தான். நான்கில் ஒரு பங்கு உடம்புள்ள பறவைக்கு அதே குண்டு தேவை இல்லை. அதற்குத் தேவை எண்ணிக்கை.

காரணம் இதுதான். குழலை விட்டு வெளியேறும் குண்டுகள் போகப் போக விரிந்துகொண்டே செல்கின்றன. 40 கஜ தூரத்தில் 76 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத்துக்குள் எத்தனை விழுகின்றன என்பதே உலகெங்கும் பழக்கத்தில் உள்ள சோதனை. குழல் வாயின் நெருக்கத்தைச் சோக் என்பார்கள். அரைச் சோக் உள்ள குழலில் 100க்கு 60 குண்டுகள் அந்த வட்டத்தில் விழும். அப்படியானால் எண் 7 தோட்டாவில் 200 குண்டுகள் விழும். 23 சதுர சென்டிமீட்டருக்கு ஒன்று. எண் 4 தோட்டாவில் 100 குண்டுகள்தான். 45 சதுர சென்டிமீட்டருக்கு ஒன்று. சிறகையும் வாலையும் கழித்துப் பார்த்தால் பச்சைப் புறாவின் உடம்பு அந்த இடைவெளியில் தப்பிவிடும். அல்லது ஒரே குண்டு சிறகில் பட்டு, பறவை எங்கோ விழுந்து, சாகாமல் துடிக்கும். எஸ்.ஜி. போட்டால் வட்டத்துக்குள் 5 குண்டுகள். புறா விழுந்தால் அது தற்செயல்தான்.

அதற்காக மிகச் சிறிய எண் 9ஐப் போடலாமா? அதுவும் தவறு. சிறு குண்டு விரைவில் வேகம் இழக்கும். 30 கஜத்துக்கு அப்பால் தோலை மட்டும் துளைத்துப் பறவையைக் காயத்தோடு பறக்கவிடும். ஆக, பச்சைப் புறாவுக்கு எண் 7, அல்லது ஏழரை. 28 கிராம் போதும். தூரம் 35 கஜத்துக்குள். அதைத் தாண்டிய பறவையை விட்டுவிடுவதே முறை.

'36 கிராம் போட்டால் இன்னும் பலம்தானே' என்று சிலர் கேட்பதுண்டு. எடை குறைந்த ஒற்றைக் குழல் துப்பாக்கியில் கனத்த தோட்டா போட்டால் தோளில் உதை பலமாக விழும். அந்த உதைக்குப் பயந்து அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பார்கள். பலம் கூடிற்று, குறி போயிற்று.

குழலை வெடிக்க வைக்கும் தவறுகள்

துப்பாக்கியின் உலோகத்தில் தோட்டா அறையின் நீளம் பொறிக்கப்பட்டிருக்கும். 65, 70, 76 மில்லிமீட்டர் என்பவை பழக்கத்தில் உள்ள அளவுகள். தோட்டாவின் நீளம் என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். எனவே 70 மில்லிமீட்டர் தோட்டா, சுடும் முன் 65 மில்லிமீட்டர் அறைக்குள் சுலபமாக நுழைந்துவிடும். நுழைந்ததால் பொருந்தியது என்று எண்ணக் கூடாது. வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் எகிறும். தாத்தா காலத்துப் பழைய துப்பாக்கி வைத்திருப்போர் இதை முதலில் பார்க்க வேண்டும்.

அதைவிடக் கொடிய தவறு ஒன்று உண்டு. 12 போர் குழலில் தவறுதலாக 20 போர் தோட்டாவைப் போட்டால் அது உள்ளே வழுக்கிச் சென்று நடுவில் நின்றுவிடும். சுடவில்லையே என்று பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டு இழுத்தால் குழல் வெடிக்கும், கை போகும். இதைத் தடுக்கவே 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். சட்டைப் பையில் இரண்டு வகைத் தோட்டாக்களைக் கலந்து வைக்கக் கூடாது என்பது உயிர் காக்கும் விதி.

நம் நாட்டு ஈரப்பதமும் கவனிக்கத்தக்கது. பழைய காகித உறைத் தோட்டா ஈரத்தில் உப்பி, அறைக்குள் நுழையாது, அல்லது நுழைந்தால் வெளியே வராது. பித்தளையில் பச்சை பூத்த தோட்டாவைத் துடைத்துப் போடுவது சிக்கனம் அல்ல. அதை உரிமத் துப்பாக்கிக் கடையிலோ காவல் நிலையத்திலோ கேட்டு ஒப்படைப்பதே முறை.

குண்டு எங்கே போய் விழும்?

புறாவைத் தவறவிட்ட குண்டு காற்றில் கரைந்துவிடுவதில்லை. எண் 6, எண் 7 குண்டுகள் ஏறக்குறைய 200 மீட்டர் வரை பறக்கும். எஸ்.ஜி. குண்டோ 600 மீட்டருக்கு மேல் போகக்கூடியது. பழைய தோட்டத்தில் லயத்துக்கும் மரத்துக்கும் இடையே எவ்வளவு தூரம்? பள்ளிக்கும் கோயிலுக்கும் எவ்வளவு தூரம்?

இன்றைய நிலைமை இன்னும் நெருக்கமானது. நீலாய், செண்டாயான் வட்டாரங்களில் நேற்றுவரை தோட்டமாக இருந்த நிலம் இன்று வீடமைப்புப் பகுதி. செம்பனை மட்டைகளுக்குப் பின்னால் குலை வெட்டுகிறவர் இருப்பது வெளியே தெரியாது. விடியற்காலையில் பால் மரம் வெட்டப் போகிறவரின் தலைவிளக்கு மரங்களுக்கு இடையே மறைந்து மறைந்து தோன்றும். புறாக்கள் பறப்பதும் அதே விடியலிலும் அந்தியிலும்தான். தலைக்கு மேல் உயரமாகச் சுட்ட சிறு குண்டு வேகம் இழந்து சாரல்போல் விழும். ஆனால் புறா தாழப் பறக்கிறது என்று குழலைத் தாழ்த்தினால், அந்தக் குண்டு ஒருவர் கண்ணில் பட்டால் பார்வை போகும். பன்றி என்று நினைத்து உடன் வந்தவரையே சுட்ட செய்திகளை நாளேடுகளில் படித்திருக்கிறோம். பின்னால் வானம் மட்டும் தெரிந்தால் சுடலாம். இலை தெரிந்தால் சுடக் கூடாது.

சட்டியில் விழும் ஈயம்

கடைசியாக, இல்லத்தரசிகள் கேட்க வேண்டிய பகுதி. ஈயம் நஞ்சு. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்குக் கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சுட்ட புறாவின் சதையில் குண்டுகள் மட்டும் அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஈயத் துணுக்குகளும் தங்கிவிடுகின்றன. புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். காடி ஊற்றிச் சமைத்த பறவை இறைச்சியில் ஈயம் கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் வீட்டில் புளி கரைத்துக் குழம்பு வைக்கிறோம், மறுநாள் சுட வைத்தும் சாப்பிடுகிறோம். குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்துவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அந்த இறைச்சியைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

தரையில் சிதறும் ஈயத்தைக் கல் என்று எண்ணி விழுங்கும் பறவைகளும் சாகின்றன. இதனால்தான் அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயத்தைத் தடை செய்தது. டென்மார்க் 1996இல் ஈயக் குண்டுகளை முற்றாக விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஈர நிலங்களில் தடை விதித்தது. அதற்கு மாற்று எஃகுக் குண்டு. அது ஈயத்தைவிட எடை குறைந்தது என்பதால் இரண்டு எண் பெரியதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண் 7க்குப் பதிலாக எண் 5. ஆனால் எஃகு கடினமானது. பழைய குழலிலும் நெருக்கமான சோக்கிலும் அதைப் போடக் கூடாது. துப்பாக்கி அதற்கு ஏற்றதா என்று தெரிந்தவரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.

ஆகவே தோட்டாப் பெட்டியைக் கையில் எடுப்பவர் ஐந்தைப் பார்க்க வேண்டும்: போர், நீளம், குண்டின் மில்லிமீட்டர், கிராம், குண்டு ஈயமா எஃகா. பிறகு உரிமத்தைப் பார்க்க வேண்டும். பிறகு சுற்றிலும் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் துப்பாக்கி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். அத்திப்பழம் தேடி வரும் பச்சைப் புறாக் கூட்டத்தைப் பிள்ளைகளோடு நின்று பார்ப்பதற்கு எந்த உரிமமும் தேவை இல்லை.