வகுப்பறையில் விழிப்பும் தன்பரிவும்

தில்லி அரசுப் பள்ளிகளில் 'மகிழ்ச்சிப் பாடம்' என்றொரு புதுமுறையைத் தலாய் லாமா அவர்கள் 2018 ஜூலை 2 அன்று தொடங்கி வைத்தார். மழலையர் முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கென அமைந்த அப்பாடத்திற்குத் தேர்வு இருக்கவில்லை. பிள்ளைகள் முதலிற் சில நிமிடம் தம் மூச்சையும் சுற்றெழும் ஒலிகளையும் கவனித்தனர்; பிறகு கதையும் உரையாடலும் நிகழ்ந்தன. இது வாய்பொத்தி அமரும் பழைய ஒழுங்கன்று. மனம் ஓடுதல் குற்றமில்லை. ஓடியதை அறிந்து மீட்பதே பயிற்சி.

அத்தகைய வகுப்பிற் புதிதாய்ச் சேர்ந்த நம் வீட்டுச் சிறுவனை எண்ணிப் பாருங்கள். இந்தியிற் புகைவண்டி பெண்பால்! அவனோ ஆண்பாலாக்கி உரைக்கின்றான். வகுப்பு நகைக்கின்றது. 'எனக்கு ஒன்றும் வராது' என்று அவன் தன்னையே இகழத் தொடங்குகின்றான். இங்கேதான் தன்பரிவு வேண்டப்படுகின்றது. அமெரிக்க உளவியலறிஞர் கிறிஸ்டின் நெஃப் 2003 இல் அதற்கு மூன்று கூறுகள் வகுத்தார்: தன்பாற் கனிவு, தவறு மாந்தர் யாவர்க்கும் பொதுவென்னும் உணர்வு, துன்பத்தை மிகைப்படுத்தாது நோக்கும் விழிப்பு. அச்சிறுவனுக்கு உற்ற மருந்து இரண்டாவது கூறே. "தமிழ் பேசப் புகுந்தால் நானும் இவ்வாறே தடுமாறுவேன்" என்று ஆசிரியர் கூறினாற் போதும். தம் தடுமாற்றத்தைப் பொறுக்கப் பழகிய ஆசிரியருக்கே அச்சொல் எளிதில் வரும்.

மூச்சுப் பயிற்சி ஒன்றே எல்லாம் செய்துவிடாது. பிரிட்டனில் 8,000 மாணவர்க்கு மேற்பட்டோரிடையே நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2022 இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றோர் மனநலம் ஏனையோரினும் மேம்படவில்லை. வீட்டிற் பலர் அதனைப் பயிலவுமில்லை.

மாலையில் திரும்பும் பிள்ளையிடம் வகுப்பில் நிகழ்ந்ததைத் தமிழிலேயே கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை திருத்த வேண்டா.