இரண்டு முறை சாவிலிருந்து மீண்ட தலைவர்
நேச நாட்டின் பேச்சு காப்பாற்றிய உயிர்! நேச நாட்டின் மவுனத்தால் போன உயிர்கள்!

கடலில் ஒரு கப்பல் போய்க்கொண்டிருக்கிறது. அதில் ஒரு மனிதர் கட்டுண்டு கிடக்கிறார். கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். வாயில் துணியை அடைத்திருக்கிறார்கள். அவரைக் கடலில் தூக்கி எறியப் போகிறார்கள். அது அவருக்கும் தெரிந்துவிட்டது. கிறிஸ்தவரான அவர் ஏசுநாதரை வேண்டிக்கொள்கிறார்.

யார் அவர்?

அவர் பெயர் கிம் டே ஜுங். தென் கொரியாவின் எதிர்க்கட்சித் தலைவர். 1973 ஆகஸ்டு 8-ந் தேதி, பட்டப்பகலில், ஜப்பான் தலைநகரான டோக்கியோவில் ஒரு ஓட்டலில் இருந்தார். அங்கே புகுந்த ஆட்கள் அவரை மடக்கித் தூக்கிச் சென்றார்கள்.

அவர் செய்த குற்றம் என்ன? தேர்தலில் நின்றதுதான்!

தென் கொரியாவில் 1961-ல் ராணுவத் தளபதி பார்க் சுங் ஹீ ஆட்சியைப் பிடித்தார். பிறகு ஜனாதிபதி ஆனார். 1971-ல் நடந்த ஜனாதிபதி தேர்தலில் அவரை எதிர்த்து கிம் நின்றார். நூற்றுக்கு 45 ஓட்டு வாங்கினார். தோற்றது என்னவோ கிம்தான். ஆனால் பயந்தது பார்க்! அடுத்த ஆண்டே ராணுவச் சட்டம் போட்டு, ஆயுள் முழுவதும் ஆளலாம் என்கிற மாதிரி அரசியல் சட்டத்தை மாற்றிக்கொண்டார். அப்போது வெளிநாட்டில் இருந்த கிம், ஊர் திரும்பாமல் அங்கிருந்தே சர்வாதிகாரத்தை எதிர்த்துப் பேசிவந்தார். அதனால்தான் ஆள் வைத்துத் தூக்கினார்கள்.

சம்பந்தி வீட்டுச் சங்கடம்

இந்தக் கதையில் அமெரிக்காவுக்கு என்ன வேலை?

1950 முதல் 1953 வரை கொரியாவில் பெரும் போர் நடந்தது. வட கொரியா படையெடுத்தது. தென் கொரியாவைக் காக்க அமெரிக்கா படை அனுப்பியது. 30 ஆயிரத்துக்கும் அதிகமான அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். போர் நின்ற பிறகு, 1953-ல், இரண்டு நாடுகளும் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டன. அமெரிக்கப் படை அங்கேயே தங்கிவிட்டது.

அதாவது, இரண்டும் நெருங்கிய உறவு நாடுகள். சிக்கலே அங்கேதான்! சம்பந்தி வீட்டில் மருமகளை அடிக்கிறார்கள் என்று காதில் விழுகிறது. சத்தம் போட்டால் உறவு முறிந்துவிடும். பேசாமல் இருந்தால் பெண் செத்துப் போவாள். என்ன செய்வது? நம் வீடுகளில் வரும் இந்தச் சங்கடம் பெரிய நாடுகளுக்கும் வருகிறது.

ஒரு நாடு இன்னொரு நாட்டில் வைத்திருக்கும் பிரதிநிதிக்குத் தூதர் என்று பெயர். தென் கொரியாவின் தலைநகரான சியோலில் அப்போது அமெரிக்கத் தூதராக இருந்தவர் பிலிப் ஹபீப். லெபனானிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஒரு மளிகைக் கடைக்காரரின் மகன். செய்தி கிடைத்ததும் அவர் தாமதிக்கவில்லை. தூக்கியது யார் என்று விசாரித்தார். கொரிய ரகசிய போலீசாரே என்று தெரிந்தது.

ஹபீப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடவில்லை. மேடை ஏறவில்லை. கொரிய அரசாங்கத்திடம் நேராகச் சொன்னார். "கிம் உயிரோடு திரும்பாவிட்டால் இரு நாட்டு உறவுக்கே கேடு" என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஜப்பானிலும் பெரும் கூச்சல் எழுந்தது. தங்கள் தலைநகரில் புகுந்து ஆள் தூக்கினால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

கடலில் என்ன நடந்தது? வானத்தில் ஒரு விமானம் வந்தது, கொலைகாரர்கள் கை நின்றது என்று கிம் பிற்காலத்தில் சொன்னார். ஐந்து நாள் கழித்து, சியோலில் அவர் வீட்டுக்கு அருகே இறக்கிவிட்டுப் போனார்கள். வீட்டு வாசலில் அவர் வந்து நின்றபோது குடும்பத்தாரால் கண்களை நம்ப முடியவில்லை.

கடத்தியது தங்கள் ரகசிய போலீசார்தான் என்று தென் கொரியா ஒப்புக்கொள்ள 34 ஆண்டுகள் ஆயின. 2007-ல்தான் அது வெளிவந்தது.

பேசாத வாய்

இது முதல் முறை. அடுத்ததைச் சொல்லும்போது நெஞ்சு கனக்கிறது.

1979 அக்டோபர் 26-ந் தேதி, பார்க் சுங் ஹீயை அவருடைய ரகசிய போலீஸ் தலைவரே விருந்து மேஜையில் சுட்டுக் கொன்றார். இனி நல்ல காலம் என்று மக்கள் நினைத்தார்கள். ஆனால் சுன் டூ ஹ்வான் என்ற இன்னொரு தளபதி கிளம்பினார். 1980 மே 17-ந் தேதி இரவு நாடு முழுவதும் ராணுவச் சட்டம் வந்தது. கிம் மறுபடி கைதானார்.

மறுநாள் குவாங்ஜு என்ற நகரில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். ராணுவம் அவர்களைத் தடியால் அடித்தது. துப்பாக்கிக் கத்தியால் குத்தியது. ஊரே கொதித்தெழுந்தது. பட்டாளத்தை வெளியே விரட்டிவிட்டுச் சில நாட்கள் மக்களே நகரத்தை நடத்தினார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு பெரிய அமெரிக்கப் போர்க்கப்பல் கொரியாவை நோக்கி வந்தது. குவாங்ஜு மக்கள் மகிழ்ந்தார்கள். "நம்மைக் காப்பாற்றத்தான் வருகிறது" என்று நம்பினார்கள். பாவம்! அது வட கொரியா இந்தச் சந்தர்ப்பத்தில் வாலாட்டாமல் இருப்பதற்காக வந்த கப்பல். மே 22-ந் தேதி வாஷிங்டனில் கூடிய பெரிய அதிகாரிகள், "முதலில் அமைதி திரும்பட்டும். மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்று முடிவு செய்திருந்தார்கள். 27-ந் தேதி விடியுமுன் ராணுவம் நகருக்குள் புகுந்தது. பிற்கால அரசாங்கக் கணக்கிலேயே 150 பேருக்கு மேல் பொதுமக்கள் இறந்தார்கள். அதைவிட அதிகம் என்று பிள்ளைகளை இழந்தவர்கள் சொன்னார்கள்.

அமெரிக்கா பேசியிருந்தால் தளபதி கேட்டிருப்பாரா? சொல்வதற்கில்லை. ஆனால் தென் கொரிய இளைஞர்கள் அந்த மவுனத்தை மறக்கவில்லை. 1982-ல் பூசான் நகரில் அமெரிக்கக் கலாசார நிலையத்துக்கே தீ வைத்தார்கள்.

தூக்குக் கயிறு

குவாங்ஜு கலகத்தைத் தூண்டியவர் கிம் என்று வழக்கு ஜோடித்தார்கள். கலகம் நடந்தபோது அவர் சிறைக்குள் இருந்தார்! கேட்பாரில்லை. 1980 செப்டம்பரில் ராணுவக் கோர்ட்டு அவருக்கு மரண தண்டனை விதித்தது.

அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் கிம்முக்காகப் பேசினார். டிசம்பரில் தம் பாதுகாப்பு மந்திரி ஹரால்டு பிரவுனையே சியோலுக்கு அனுப்பினார். போப்பாண்டவரும் வேண்டுகோள் விடுத்தார். ஆனால் கார்ட்டர் நவம்பர் தேர்தலில் தோற்றுப்போயிருந்தார். போகிற ஜனாதிபதியின் பேச்சுக்கு என்ன மதிப்பு? வரப்போகிற ரீகன் கம்யூனிஸ்டு எதிர்ப்பில் தீவிரமானவர். அவர் இதைக் கண்டுகொள்ள மாட்டார் என்று சில தளபதிகள் கணக்குப் போட்டார்கள்.

கணக்கு தவறிவிட்டது. ரீகனின் ஆலோசகர் ரிச்சர்டு ஆலன், ரகசியமாக வந்த கொரியத் தளபதிகளைச் சந்தித்தார். கிம்மைக் கொன்றால் உறவு பாழாகும் என்று அவரும் கண்டிப்பாகச் சொன்னார். சுன் டூ ஹ்வானுக்கோ ஒரு ஆசை இருந்தது. புதிய அமெரிக்க ஜனாதிபதி தம்மை வெள்ளை மாளிகைக்கு அழைக்க வேண்டும், உலகம் தம்மை ஏற்க வேண்டும் என்ற ஆசை. பேரம் அங்கே படிந்தது.

1981 ஜனவரி 23-ந் தேதி தூக்குத் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. பிப்ரவரி 2-ந் தேதி சுன், ரீகனின் கையைக் குலுக்கினார்.

ஓர் உயிர் பிழைத்தது. நல்லதுதான். ஆனால் அந்தக் கைகுலுக்கலைப் படத்தில் பார்த்த குவாங்ஜு தாய்மார்களின் வயிறு எப்படி எரிந்திருக்கும்! பேரத்தில் கொடுத்த விலை அவர்களுடையது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

கூட வந்தவர்கள்

கிம் சிறையில் இருந்தபோது மனைவி லீ ஹீ ஹோவுக்குக் கடிதம் எழுதினார். ஒரே ஒரு தாள்தான் தருவார்கள். அதில் கடுகு போன்ற எழுத்தில், இடம் விடாமல் எழுதி நிரப்புவார். 1982 டிசம்பரில், வைத்தியத்துக்கு என்று சொல்லி அவரை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

1985 பிப்ரவரியில் ஊர் திரும்பத் துணிந்தார். நண்பர்கள் நடுங்கினார்கள். ஒன்றரை ஆண்டுக்கு முன்புதான், பிலிப்பைன்ஸ் எதிர்க்கட்சித் தலைவர் அக்கினோ இப்படி ஊர் திரும்பி, விமானத்தை விட்டு இறங்கியதும் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அதனால் அமெரிக்க எம்.பி.க்கள் உள்பட ஒரு கூட்டமே கிம்முடன் அதே விமானத்தில் ஏறிவந்தது. சியோல் விமான நிலையத்தில் தள்ளுமுள்ளு நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை.

1987 ஜூன் மாதம் தென் கொரியத் தெருக்களில் லட்சக்கணக்கான மக்கள் திரண்டார்கள். மறுபடி ராணுவம் வருமோ என்ற பயம். இம்முறை அமெரிக்கா வாய்மூடி இருக்கவில்லை. தூதர் ஜேம்ஸ் லில்லி, ரீகனின் கடிதத்தோடு சுன் டூ ஹ்வானை நேரில் பார்த்து, ராணுவச் சட்டம் கூடாது என்று சொன்னார். ராணுவம் தெருவுக்கு வரவில்லை. மாத முடிவில் ஆட்சியாளர்கள் இறங்கிவந்தார்கள். ஜனாதிபதியை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. உரிமையை வாங்கியது தெருவில் நின்ற மக்கள்தான். கடிதமும் கொஞ்சம் கைகொடுத்தது.

1997 டிசம்பரில் கிம் டே ஜுங் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது சுன் டூ ஹ்வான் எங்கே இருந்தார் தெரியுமா? சிறையில்! குவாங்ஜு குற்றத்துக்காக அவருக்கே 1996-ல் மரண தண்டனை விதித்து, பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைத்திருந்தார்கள். தம்மைத் தூக்கில் போட இருந்தவரை மன்னித்து விடுதலை செய்ய, கிம் சம்மதம் கொடுத்தார்.

2000-ம் ஆண்டு சமாதானத்துக்கான நோபல் பரிசு கிம்முக்குக் கிடைத்தது. தென் கொரியச் சட்டத்தில் மரண தண்டனை இன்றும் இருக்கிறது. ஆனால் 1998 பிப்ரவரி முதல் 2003 பிப்ரவரி வரை, கிம் ஆண்ட 5 ஆண்டுகளில் அங்கே ஒருவரைக்கூடத் தூக்கிலிடவில்லை.