ஒரு பாடத்துக்குள் அடங்காத கேள்வி

நான் உயர்தரக் கலைப் பிரிவு மாணவி. தமிழ், வரலாறு, இஸ்லாமிய நாகரிகம் ஆகியன என் பாடங்கள். "கலை படித்து எதுவரை போகலாம்?" என்று உறவினர் கேட்டால் வாப்பாவுக்கும் எனக்கும் உடனே பதில் வருவதில்லை. அந்தப் பாதையின் உயர்ந்த படி கலாநிதிப் பட்டம். பல துறைகளை இணைத்துச் செய்யும் மனிதப்பண்பியல் ஆய்வு எப்படிப்பட்டது என்பதை, நம் கொழும்பில் படித்து, படிப்பித்த ஒருவரைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1932 இல் பிறந்தவர். ஊர் கரவெட்டி. கொழும்பு ஸாஹிராக் கல்லூரியில் கற்றார். பேராதனையில் பட்டம் பெற்றபின் அதே ஸாஹிராவில் ஆசிரியராகவும் இருந்தார். பின்னர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1970 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள், பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம்.

தமிழ் நாடகம் பற்றிய இந்த ஆய்வுக்கு வழிகாட்டியவர் ஜோர்ஜ் தொம்சன் என்னும் கிரேக்க மொழிப் பேராசிரியர். கிரேக்க நாடகத்தின் தோற்றத்தை அக்காலச் சடங்குகளோடும் சமூக அமைப்போடும் சேர்த்து ஆராய்ந்தவர் அவர். பேராசிரியர் க. கைலாசபதியும் அவரிடமே ஆய்வு செய்தார். சங்க வீரநிலைப் பாடல்களைக் கிரேக்கப் பாடல்களோடு ஒப்பிட்ட கைலாசபதியின் ஆய்வு 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது.

ஏன் இத்தனை துறைகள்? சங்கப் பாடல்களில் பாணர், கூத்தர், விறலியர் வருகிறார்கள். அவர்கள் யார் என்று அறிய இலக்கியம் வேண்டும். அவர்களுக்குச் சோறும் பரிசிலும் கொடுத்தவர் யார் என்று அறிய வரலாறும் பொருளியலும் வேண்டும். ஆட்டம் சடங்கிலிருந்து பிறந்ததா என்று அறிய மானிடவியல் வேண்டும். கேள்வி ஒன்றுதான். அதற்கு ஒரு பாடத்தின் பதில் போதாது.

நமக்கு அருகிலும் அப்படியொரு கேள்வி உண்டு. நம் மூத்தும்மாமார் ஓதிய அரபுத் தமிழ் நூல்களைப் பாருங்கள். மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்தார்கள். இதை ஆராய அரபும் தமிழ் ஒலியியலும் தெரிய வேண்டும். கடல் வணிக வரலாறும், பாடசாலை செல்லாத பெண்கள் வீட்டில் எவ்வாறு கற்றார்கள் என்பதும் தெரிய வேண்டும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டு அலுமாரியில் கிடக்கும் பழைய கிதாபு, ஆய்வாளருக்கு ஆதாரம். அது கறையானுக்குப் போனால் திரும்பக் கிடைக்காது.

வழி நீண்டது என்பதை மறைக்கவில்லை. முதலில் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம், பிறகு முதுகலைமாணி அல்லது முதுதத்துவமாணி, அதன்பின் சில ஆண்டு ஆய்வு. வெளிநாடு போய்த்தான் செய்ய வேண்டும் என்றில்லை. பேராதனையில் மனிதப்பண்பியலுக்கும் சமூக விஞ்ஞானங்களுக்கும் உரிய பட்டப்பின்படிப்பு நிறுவனம் இருக்கிறது. முடிவில் எழுதும் ஆய்வேடு, முன்பு எவரும் சொல்லாத ஒன்றை ஆதாரத்துடன் சொல்ல வேண்டும்.

தோழிகளே, இப்போதே தமிழோடு இன்னொரு மொழியையும் ஊன்றிப் படியுங்கள். பெற்றோரே, உங்கள் மகள் "இது ஏன் இப்படி?" என்று கேட்டால், "சோதனைக்கு வருமா?" என்று திருப்பிக் கேட்காமல், வீட்டிலுள்ள பழைய கிதாபை எடுத்து அவள் கையில் கொடுங்கள்.